குருதி நொதியின் தடையும் மீட்சியும்

மருந்துகள் பல, உடலின் நொதிகளைத் தடுத்தோ, தடைப்பட்ட நொதிகளை மீட்டோ பணியாற்றுகின்றன. இவ்விரு செயல்களையும் ஒருங்கே விளக்க வல்லது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியாகும்.

நரம்பின் கட்டளையைத் தசைக்கு எடுத்துச் செல்வது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். கட்டளை சேர்ந்தவுடன் அப்பொருளைச் சிதைப்பதே இந்நொதியின் கடமை. நரம்பு முனைகளிலன்றிச் சிவப்பணுக்களின் மேற்பரப்பிலும் இது காணப்படுகிறது. ஆதலின், குருதியைச் சோதித்தே நரம்பின் நிலையை ஒருவாறு உய்த்துணரலாம்.

இந்நொதிக்கு நேரும் தடை இருவகைப்படும். தசைச்சோர்வு நோய்க்குத் தரப்படும் நியோஸ்டிக்மின் நொதியைச் சில மணி நேரமே தடுத்துப் பின் விலகிவிடும். இது நலம் பயக்கும் தடை. கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளோ நொதியை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதனால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. கண்மணி சுருங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், தசை துடித்துத் தளரும், இறுதியில் மூச்சு நிற்கும்.

இதற்கு மருத்துவர் முதலில் தருவது அட்ரோப்பின். அது தேங்கிய பொருளின் விளைவுகளுட் சிலவற்றைத் தணிக்குமேயன்றி நொதியை மீட்காது. மீட்கும் மருந்து பிராலிடாக்சைம். 1955இல் இர்வின் வில்சன், சாரா கின்ஸ்பர்க் ஆகியோர் இதனை அறிவித்தனர். நொதியைப் பற்றிய பாஸ்பரஸ் தொகுதியை இது பெயர்த்தெடுக்கிறது. எனினும், காலம் கடந்தால் அப்பிணைப்பு மீளா நிலையை அடையும். டைமீத்தைல் வகை நஞ்சுகளில், கட்டுண்ட நொதியின் பாதி ஏறத்தாழ 4 மணி நேரத்திலும், டைஈத்தைல் வகையில் ஏறத்தாழ 33 மணி நேரத்திலும் அந்நிலையை எய்துகிறது. அதன்பின் புதிய சிவப்பணுக்கள் தோன்றியே குருதியில் இந்நொதி நிரம்ப வேண்டும். ஒரு சிவப்பணுவின் வாழ்நாளோ ஏறத்தாழ 120 நாள்கள்.

ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. 2006இல் வெளியான மகாராஷ்டிரப் பாராமதி ஆய்வில், இம்மருந்தை மிகுந்த அளவில் இடைவிடாது பெற்றோர் நலம் கண்டனர். 2009இல் வெளியான இலங்கை ஆய்விலோ, குருதியில் நொதி மீண்டும் இறப்புக் குறையவில்லை. குருதியின் நொதி மீள்வது வேறு, உயிர் மீள்வது வேறு என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

எனவே மாற்று மருந்து உண்டென்னும் துணிவில் நாம் காலம் தாழ்த்தலாகாது. நஞ்சு பட்ட ஆடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நஞ்சுப் புட்டியுடன் உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். வாந்தி எடுக்க வற்புறுத்தலாகாது. பூச்சிக்கொல்லியை வீட்டினுள் வையாது பூட்டிக் காத்தலோ இவை அனைத்தினும் தலையாயது.