பாக்டீரியாவைப் பட்டினி போட்டவர்கள்

கேள்வி: அமினோ அமிலம் ஒன்று தட்டுப்பாடானால் பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது? இதைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: பலர். முக்கியமான ஒரு தொடக்கம் மட்டும் ஓர் அணு இயற்பியலாளருடையது. 1933-இல் அணுக்கருச் சங்கிலி வினையை யோசித்த லியோ சிலார்ட், போர் முடிந்ததும் உயிரியலுக்கு வந்துவிட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோன் நோவிக்குடன் சேர்ந்து 1950-இல் அவர் அறிமுகப்படுத்திய கருவிதான் கீமோஸ்டாட். அதே ஆண்டில் பாரிஸில் ஷாக் மோனோவும் தனியாக இதே முறையை வெளியிட்டார்.

ஒரு குடுவைக்குள் ஊட்டக் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கும் அளவுக்குப் பழைய கரைசல் பாக்டீரியாக்களோடு வழிந்து வெளியேறும். அவ்வளவுதான் கருவி. அதில் வளர்ந்த ஈ. கோலை வகைக்கு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது. மற்ற சத்துகளை அள்ளிக் கொடுத்து, டிரிப்டோபானை மட்டும் கிள்ளிக் கொடுத்தார்கள். சொட்டும் வேகமே வளர்ச்சியின் வேகமாயிற்று.

பட்டினியில் பாக்டீரியா சும்மா இருக்கவில்லை. டிரிப்டோபானுக்கு முந்தைய இடைப்பொருளைத் தயாரித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. டிரிப்டோபானைக் கூட்டியதும் தள்ளுவது நின்றது. 1954-இல் வெளியான இந்தக் கவனிப்பு பெரிய விஷயம்: விளைபொருளே தன் உற்பத்திக்குத் தடை போடுகிறது. 1956-இல் எட்வின் அம்பார்கர் ஐசோலூசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தில் இதை நொதி அளவிலேயே காட்டினார். அந்தத் தயாரிப்புப் பாதையின் முதல் நொதியை ஐசோலூசின் முடக்கிவிடுகிறது.

இது இருக்கும் நொதியை நிறுத்துவது. நொதியைத் தயாரிக்கும் மரபணுக்களையே அடைப்பது இன்னொரு வழி. டிரிப்டோபான் நிறைய இருந்தால், அது ஒட்டிய அடக்குப் புரதம் டி.என்.ஏ.வில் அமர்ந்து, டிரிப்டோபான் தயாரிப்புக்கான ஐந்து மரபணுக்களின் வேலையைச் சுமார் 70 மடங்கு குறைக்கிறது.

இவற்றையெல்லாம் விட அழகானது ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யனோஃப்ஸ்கி குழு 1970-களில் கண்டது. அந்த மரபணுக்களுக்கு முன்னால் 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான குறிப்பு இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோபான்கள். அபூர்வமாகவே பயன்படும் அமினோ அமிலம் இப்படி ஜோடியாக வருவது தற்செயலல்ல. டிரிப்டோபான் இல்லையென்றால், புரதம் கோக்கும் ரைபோசோம் அந்த இடத்தில் தயங்கி நிற்கும். அது நிற்பதால் ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடிந்து, மரபணுக்கள் முழுதாகப் படியெடுக்கப்படும். டிரிப்டோபான் இருந்தால் ரைபோசோம் தடையின்றிக் கடந்துவிடும், ஆர்.என்.ஏ.வில் நிறுத்தக் கொண்டை உருவாகி, படியெடுப்பு பாதியில் அறுந்துவிடும். இதனால் மேலும் சுமார் 10 மடங்கு மாற்றம்.

ஹிஸ்டிடினைத் தயாரிக்கும் மரபணுக்களின் முன்னாலும் இப்படி ஒரு குட்டிப் புரதம் உண்டு. அதில் வரிசையாக ஏழு ஹிஸ்டிடின்கள்.