கழுத்து சிவக்கும் வரை பொறு

அன்புள்ள மைதிலிக்கு,

பெரியம்மா எழுதுவது. கொரங்காட்டில் வான்கோழி விடப்போகிறாய், ஐம்பது குஞ்சுக்கு முன்பணம் கொடுக்க நிற்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நல்ல யோசனைதான் கண்ணு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். வளர்ந்த வான்கோழிக்கு வேறென்ன வேண்டும்? புல், பூச்சி, நத்தை, கரையான் என்று பொறுக்கித் தின்றே தீவனச் செலவில் பாதி வரைக்கும் மிச்சப்படுத்திவிடும். ஆனால் 'இரண்டாவது வாரமே காட்டில் விட்டுவிடுவேன், செலவே இல்லை' என்றாயாமே, அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வான்கோழி வளர்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சாவதெல்லாம் பெரும்பாலும் முதல் மாதத்தில்தான். வளர்ந்தபின் அதைப்போல் அசராத பறவை கிடையாது. குஞ்சாக இருக்கும்போது அதைப்போல் சவலையும் கிடையாது.

எப்போது வாங்குவது என்பதை முதலில் முடிவு செய். கிறிஸ்துமஸ் விற்பனைதான் நம் பக்கத்தில் பெரிது. ஆறு மாதம் வளர்ந்த பறவையைக் கொடுக்க வேண்டுமானால் குஞ்சு ஆனித் தொடக்கத்திலேயே கைக்கு வந்திருக்க வேண்டும். அப்படி வாங்கினால் ஐப்பசி மழை இறங்கும்போது மூன்று மாதம் தாண்டியிருக்கும், நனைந்தாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறக்காதே, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. ஆனியிலும் ஒரு தொல்லை உண்டு, நம் தாராபுரத்துக் காற்று. கொட்டகையின் மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டு. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். முழுவதும் அடைத்தால் எச்சத்தின் நெடி உள்ளேயே நின்று கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

இனத்தைப் பற்றி அதிகம் குழம்பாதே. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நம் கறுப்பு நாட்டு வான்கோழியையும் வெள்ளை பெல்ட்ஸ்வில்லையும் கலந்து உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி-1' நம் வெயிலுக்கு ஒத்துவரும், கிடைத்தால் அதையே வாங்கு. படத்தில் பார்க்கிற அகன்ற மார்புச் சேவலுக்கு ஆசைப்படாதே. மார்புச் சதை ஏறிய ஏற்றத்துக்கு அதனால் பெட்டையோடு ஒழுங்காகச் சேரவே முடியாது. செயற்கைக் கருவூட்டலுக்கு ஆள் தேடி நீ அலைய வேண்டியிருக்கும்.

இனி முதல் வாரம். கோழிக்குஞ்சு போலப் பொரிந்து வந்ததும் கொத்தித் தின்னும் என்று நினைக்காதே. வான்கோழிக் குஞ்சுக்குத் தீவனம் எது, தண்ணீர் எது என்று கண்டுகொள்ளவே நேரம் பிடிக்கும். தட்டு நிறையத் தீவனம் இருக்க, பக்கத்திலேயே பட்டினியில் செத்துக் கிடக்கும். பச்சை நிறத்தைக் கண்டால் கொத்தும் என்பதால் முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து தீவனத்தின்மேல் தூவு. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வை. மினுக்கத்தைக் கொத்தப்போய்க் குடிக்கப் பழகும், விழுந்து மூழ்காமலும் இருக்கும். பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை என்று வேகவைத்து உதிர்த்துக் கொடு. இரண்டாம் நாளும் கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்பதை எடுத்து, அலகை மூன்று நான்கு முறை தண்ணீரில் தொட்டுவிடு.

சூட்டுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறை. வெப்பமானி இருந்தாலும் குஞ்சைத்தான் பார்க்க வேண்டும். பல்புக்கு அடியில் அப்பிக்கொண்டால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. சுற்றிலும் தகரத்தை வட்டமாக நிறுத்து. மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கிவிடும். தரைக்கு உமி அல்லது கடலைத்தோல் போடு. முதல் சில நாள் அதன்மேல் சணல் சாக்கு விரித்துவிட்டால் உமியைத் தின்னாது, காலும் வழுக்காது. செய்தித்தாள் வேண்டாம், வழுக்கி வழுக்கிக் கால் விரிந்துபோகும்.

தீவனத்தில் ஒரு எச்சரிக்கை. வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம் நூற்றுக்கு 28 பங்கு வரை வேண்டும், கோழித் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. வேறு வழியில்லாமல் பிராய்லர் தீவனம் வாங்கினாலும் மூட்டைச் சீட்டைப் படித்துப் பார். ரத்தக் கழிச்சலுக்காகச் சாலினோமைசின் கலந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கோழிக்கு மருந்தாகும் அது வான்கோழிக்கு விஷம். கடைக்காரர் 'எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்பார், கேட்காதே. புரதத்துக்குக் கரையான் பிடி. உன் அப்பத்தாவுக்கு இது கைவந்த கலை. ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் கொஞ்சம் ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாயக் கரையான் நடமாடும் மண்ணில் கவிழ்த்துவிட வேண்டும். விடியற்காலை பானையை நிமிர்த்தினால் வெள்ளையாக மொய்க்கும். வெயில் ஏறினால் இறங்கிப் போய்விடும், அதனால் எழுந்தவுடன் எடு.

அடுத்தது, நீ கேட்க விரும்பாத சேதி. உன் அம்மாவின் நாட்டுக்கோழிகளோடு சேர்த்து இவற்றை விடாதே. கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் கருந்தலை நோயின் கிருமி ஒளிந்திருக்கும். கோழி பாட்டுக்குத் திரியும், வான்கோழி மஞ்சள் மஞ்சளாகக் கழிந்து, சிறகைத் தொங்கப்போட்டுக் கூட்டமாகச் சாகும். அந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மண்புழு தின்று வைத்திருப்பதும் உண்டு. அதனால் கோழி மேய்ந்த வாசல்பக்கத்தை விட்டுவிட்டு மேற்குக் கொரங்காட்டை இவற்றுக்கு ஒதுக்கு. நாட்டுக்கோழியை அடைவைத்து வான்கோழிக் குஞ்சு பொரிக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது, நன்றாகவே பொரிக்கும். என்றாலும் நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி எந்த வயதில் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடு.

பிடிக்க வருபவை பல. பகலில் காக்கை, வல்லூறு, கீரி. இரவில் மரநாய், பெருச்சாளி, பாம்பு. கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும், கீரியை நிறுத்தாது. அடியில் இரண்டு விரல் சந்து போதும் அதற்கு. வேலியடியில் அரை இஞ்சுக் கம்பிவலையை ஒரு முழ உயரத்துக்குக் கட்டி, அடிப்பாகத்தை வெளிப்பக்கம் மடித்துப் புதைத்துக் கல் வை. பெரிய கண் உள்ள கோழிவலையில் சாரை தாராளமாக நுழையும். குஞ்சு உலாவும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டு. இதையெல்லாம்விட நாய்தான் பெரிய பயம். காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போட்டு, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியது உனக்கே தெரியும். ஆட்டையே விடாதது வான்கோழியை விடுமா? இரவுக் கொட்டகைக்கு உறுதியான கதவும் தாழ்ப்பாளும் போடு. கொஞ்சம் வளர்ந்ததும் வேப்பமரத்தில் ஏறி அடையப் பார்க்கும், அது அதன் காட்டுப் புத்தி. ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டுத் தினமும் பொழுது சாயும்போது தீவனத்தைக் காட்டிக் கொட்டகைக்குள் பழக்கு.

அப்படியானால் எப்போது வெளியே விடுவது? தலையும் கழுத்தும் பார். பஞ்சு மயிர் உதிர்ந்து, தோல் வெளியே தெரிந்து, சிவப்பு ஏறும். எட்டு, பத்து வாரம் ஆகும். அதுவரை வலைக்குள்ளேயே இருக்கட்டும். விட்ட பிறகும் முதல் சில வாரம் பனி உலர்ந்த பின்தான் திறக்க வேண்டும், ஒன்பது மணி ஆனாலும் பரவாயில்லை. அடிவயிறு நனைந்தால் சிறிசுகளுக்கு உடனே விறைத்துவிடும். அப்படி ஒன்று கிடைத்தால் துணியால் ஒற்றிப் பல்பின் கீழ் வை.

அடுத்த வருஷம் உன் பெட்டையே அடை உட்காரும். 28 நாளில் பொரிக்கும். அப்போது தாயைக் குஞ்சோடு காட்டில் விட்டுவிடாதே. அது பாட்டுக்கு நீள நடந்துகொண்டே இருக்கும், பின்தங்குவதைத் திரும்பிப் பார்க்காது. தாயை மட்டும் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக் குஞ்சுகளை வெளியே விட்டால், அதன் குரல் கேட்கும் தூரத்தைத் தாண்டாமல் மேயும். ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மிச்சச் சேவலைக் கிறிஸ்துமஸுக்கே விற்றுவிடு.

ஐம்பது வேண்டாம், இருபதோடு தொடங்கு. வலையும் சாக்கும் கடையில் வாங்காதே, எங்கள் தோட்டத்தில் பழையது கிடக்கிறது, ஆனி பிறந்ததும் பெரியப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலியடி வலைக்கு மட்டும் அளவெடுத்து எழுது.

இப்படிக்கு,
உன் பெரியம்மா