தடித்த சாய்வெழுத்தின் குணமும் உபயோகமும்

மாந்தரைப்போலவே அச்செழுத்துக்களுக்கும் குணபேதம் உண்டென்பதை நாம் ஆங்கிலப் புத்தகங்களில் காண்கிறோம். 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பார், பிரான்செஸ்கோ கிரிப்போ செதுக்கிய சாய்வெழுத்தினால் வர்ஜில் கவியின் நூலை முழுவதும் அச்சிட்டார். அந்நாளில் அது அமைதியாய்ப் படித்தற்குரிய மெல்லெழுத்து. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் எழுத்து வார்ப்போர், விளம்பரங்களுக்கென்று அதனைப் பருக்கச் செய்தனர். தண்டு தடித்தது, நுனிக்கோடு மயிரிழையாய் நின்றது. வழிச்செல்வோனையும் கூவியழைக்கும் இவ்வெழுத்து தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் ஏற்றது. சிற்றளவில் அச்சிடின் உள்வெளி மையால் அடைபடும். பக்கம் முழுதும் நிரப்பின் கண் சலிக்கும். எல்லாச் சொல்லையும் உரத்துக் கூறுவோன் எச்சொல்லையும் வற்புறுத்தியவன் ஆகான். ஆதலின், பத்திரிகை நடத்தும் மாணாக்கராகிய நாம் இதனைத் தலைப்பு வரியோடு நிறுத்துதல் நலம்.