மரபணு சிகிச்சையும் இரத்தக் கண்காணிப்பும்

பிறவியிலேயே மரபணு பழுதுற்றிருப்பதால் விளையும் நோய்கள் பல. பழுதற்ற மரபணுவை உயிரணுக்களுக்குள் சேர்ப்பித்து அவற்றைத் தீர்க்க முயல்வதே மரபணு சிகிச்சை. உயிரணுவினுள் எளிதிற் புகவல்லது வைரஸ். எனவே, அதன் நோய் விளைவிக்கும் பகுதிகளை நீக்கி, மரபணுவைச் சுமந்து செல்லும் ஊர்தியாக அதனைப் பயன்படுத்துகின்றனர். இவ்வூர்தியின் வகைக்கேற்ப, இரத்தத்தில் நேரும் பக்க விளைவுகளும் வேறுபடுகின்றன.

உடனடி விளைவுகள்

தண்டுவடத் தசைநலிவு நோய்க்கு அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு அனுமதி பெற்ற ஜோல்ஜென்ஸ்மா என்னும் மருந்தில், அடினோ துணை வைரஸ் ஊர்தியாக உள்ளது. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 110 இலட்சம் கோடி மரபணுப் பிரதிகள் ஒரே முறையில் இரத்தத்தில் செலுத்தப்படுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுவதால் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. அங்கு இரத்தம் உறைவதால் தட்டணுக்கள் குறைகின்றன, சிவப்பணுக்கள் சிதைகின்றன, சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. இது பெரும்பாலும் முதல் இரு வாரங்களில் தோன்றுகிறது. ஆகவேதான் முதல் மாதத்தில் வாரந்தோறும் தட்டணுக்களைக் கணக்கிட வேண்டும் என்பர். காரணமின்றித் தோன்றும் கன்றலும் சிறுநீர்க் குறைவும் பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகும்.

நாட்பட்ட விளைவுகள்

ரெட்ரோ வைரஸ் தான் சுமந்த மரபணுவை உயிரணுவின் மரபணுத் தொடரிலேயே பதித்துவிடுகிறது. பதியும் இடம் தவறினால் ஆபத்து விளையும். பாரிசிலும் இலண்டனிலும், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் அற்ற 20 குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. பெரும்பாலோர் எதிர்ப்பாற்றல் பெற்றனர். எனினும், ஐவருக்குப் பின்னாளில் இரத்தப் புற்றுநோய் கண்டது. அவருள் ஒருவர் இறந்தார். உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவின் அருகே ஊர்தி பதிந்ததே காரணம். பின்னர் வந்த லென்டி வைரஸ் ஊர்திகள் இவற்றினும் பாதுகாப்பானவை. ஆயினும், மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு அவ்வகைச் சிகிச்சை பெற்ற 67 சிறுவருள் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை 2024-இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

நம் நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்கு லென்டி வைரஸ் வழியே மரபணு சிகிச்சை அளிக்கப்பட்டது. கண்காணிப்புக் காலத்தில் ஒருவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை என்பது 2024 டிசம்பரில் வெளியான செய்தி. இது பெருமைக்குரியது, பொறுப்பையும் உடன் கொணர்வது. மரபணுத் தொடரில் பதியும் ஊர்திகளைப் பெற்றோரை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிந்துரைக்கிறது. தொலைதூரக் கிராமத்து நோயாளி ஒவ்வொரு பரிசோதனைக்கும் பெருநகருக்கு வருதல் இயலாது. தட்டணு எண்ணிக்கை போன்ற எளிய சோதனைகள் மாவட்ட மருத்துவமனையிலேயே நடைபெற்று, முடிவுகள் சிகிச்சையளித்த மையத்தைச் சென்றடைய வேண்டும். அவ்வேற்பாடும் சிகிச்சையின் ஓர் அங்கமே.