தென்பெண்ணையை நடுவிலிருந்து நடப்பது

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று ஓடிக் கடலூர் அருகே தாழங்குடாவில் கடலில் சேர்கிறது. இந்த ஆற்றின் கரையோரமாக முழுக்க நடக்க வேண்டும் என்று சொன்னால், எல்லாரும் நந்தி மலைக்குத்தான் முதலில் பஸ் ஏறச் சொல்வார்கள். நான் இருமத்தூரில் ஆரம்பித்தேன். தருமபுரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை ஆற்றைத் தாண்டும் ஊர் அது. காலையில் போய் நடந்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அங்கிருந்து ஒரு முறை கிழக்கே போனேன், அடுத்து மேலே கிருஷ்ணகிரி அணைக்கு, அதற்கடுத்து ஒரே தாவாகத் திருக்கோவிலூருக்கு. மூலத்தைப் பார்க்கப் போனது அதற்கெல்லாம் வெகு பின்னால்.

இப்படித் துண்டு துண்டாகவும் முன்பின்னாகவும் நடப்பதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் தென்பெண்ணையே இன்று வரிசையாக ஓடுவதில்லை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, அடுத்து 52 அடி உயரக் கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே 119 அடி சாத்தனூர் அணை. ஒவ்வொன்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தன் கணக்கில் திறந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது கால்வாய்களில் பாசனத் தண்ணீர் நிறைந்து போகும் நாளிலேயே ஆற்றுக்குள் முழங்கால் நனையாமல் நடந்திருக்கிறேன். சாத்தனூருக்குக் கீழே கதை வேறு. அங்கே கடைமடைக்கான தண்ணீர் ஆற்று வழியாகவே திருக்கோவிலூர் அணைக்கட்டுக்குப் போகும். எந்தத் துண்டு எப்போது நடக்கத் தோதாக இருக்கும் என்பதை அந்தந்த அணைதான் முடிவு செய்கிறது. மேலிருந்து கீழே ஒரே மூச்சில் நடப்பவர் ஏதாவது ஓரிடத்தில் தப்பான நேரத்தில்தான் போய் நிற்பார்.

அதனால் நான் முதலில் பார்ப்பது நாளிதழில் வரும் அணை நிலவரம். நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். வரத்து ஏறிக்கொண்டிருந்தால் அந்த வாரம் அந்த அணைக்குக் கீழே போவதில்லை. கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள் என்றால் கரைமேட்டில்கூட நடக்கக் கூடாது. வானம் வெளுத்திருந்தாலும் சரி, மழை மேலே எங்கேயோ பெய்திருக்கும்.

இதற்கு மேல் பஞ்சாங்கமும் உதவும். ஆடி 18-க்கு இருமத்தூரிலும் அனுமந்தீர்த்தத்திலும் சுற்றுவட்டாரமே ஆற்றில் இறங்கும். புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்து முங்க வைக்கும் தாத்தாக்கள், கரையில் பொங்கல் வைக்கும் அடுப்புகள். சாத்தனூருக்குக் கீழே தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலை அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், மணலில் சிறுவள்ளிக் கிழங்கைக் குவித்து விற்பார்கள். அந்தந்தத் துண்டை அந்தந்த நாளை ஒட்டி வைத்துக்கொண்டால் ஆற்றங்கரை மனிதர்களை மொத்தமாகப் பார்க்கலாம். கூட்டம் கலைந்த மறுநாள் நடையைத் தொடங்குவது என் வழக்கம். மாசி கடந்து வெயில் ஏறிவிட்டால் ஓசூர்ப் பக்கத் துண்டுகளுக்குப் போய்விடுவேன். அந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், சித்திரையிலும் காலை நேரம் பொறுக்கும்.

முன்பின்னாக நடந்ததால் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் கெலவரப்பள்ளியில்தான். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. அணையில் தண்ணீர் திறக்கும்போது மதகுக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்கு எழும்பிக் காற்றில் வயல்களுக்குள் பறக்கும். நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். நந்தி மலையிலிருந்து வரிசையாக வந்திருந்தால் அதைப் பட்டணத்துச் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போயிருப்பேன். அங்கே நிற்கும்போது இருமத்தூரில் முங்கிய பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். காவேரிப்பட்டணத்தைத் தாண்டிக் கரையோரத்தில் கீரை போட்டிருந்தவர்களையும் தெரியும். கீழே இருக்கிறவர்களை முதலில் பழகிவிட்டு மேலே போங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அந்தப் பகுதியில் மூடிய ஷூ போடுங்கள், தண்ணீரில் காலை வைக்காதீர்கள், உள்ளூர்க்காரர் கொடுத்தால்கூட ஆற்றோரக் குழாயில் குடிக்காதீர்கள்.

நடையின் திசையையும் துண்டுக்குத் துண்டு மாற்றிக்கொள்ளலாம். ஆறு பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாக ஓடுகிறது. நீரோட்டத்தோடு காலையில் நடந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், மணலின் பளபளப்பு வேறு. அனுமந்தீர்த்தத்திலிருந்து இருமத்தூரை நோக்கி ஏறுமுகமாக நடந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். இன்னொன்று, பஸ் அபூர்வமாக வரும் ஊரில் தொடங்கிப் பெரிய சாலையில் முடிக்க வேண்டும். காலைப் பஸ்ஸைப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. சாயங்காலப் பஸ் தவறினால் இருட்டில் நாய்களுக்கு நடுவே நிற்க வேண்டும்.

ஒரு துண்டை எங்கே முடிக்கிறோமோ அதை ஒட்டிய துண்டு, எப்போது நடந்தாலும், அங்கேதான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் நடுவே இடைவெளி விழும். முடிக்கும் இடம் பாலமாகவோ, அணைக்கட்டாகவோ, கல்லால் கட்டிய கோயிலாகவோ இருக்கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போய்ப் பார்த்தால், குறிப்பேட்டில் அடையாளம் எழுதி வைத்திருந்த மருத மரங்கள் இல்லை, கரைப்பாதை இருந்த இடத்தில் செங்குத்தான மண்சுவர். சாத்தனூருக்குக் கீழே திறந்து சில மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டு பாலத்தையே வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளம் வந்துபோன துண்டைப் பழைய குறிப்பை நம்பி நடக்கக் கூடாது, புதிதாக விசாரித்துத்தான் இறங்க வேண்டும். எந்தக் கரையில் நடந்தோம் என்பதையும் எழுதி வையுங்கள். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் இந்தக் கரை நம் மாவட்டம், எதிர்க்கரை கிருஷ்ணகிரி. 2004-ல் மாவட்டம் பிரிந்ததால் வந்த கோடு அது.

ஆற்றைக் கடப்பதைப் பற்றி ஒரு ஆயா சொன்னதை அப்படியே சொல்கிறேன். கம்பைநல்லூர்ப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க சாமி போற?”

“அந்தாண்ட கரைக்குத்தான் ஆயா. இப்படியே எறங்கிப் போயிடலாமா?”

“இங்க எறங்காத. மண்ணு அள்ளுன மடு இருக்குது, மேல தண்ணி சும்மா பாதம் நனையறாப்பல தெரியும். மாட்டுத் தாரையப் பாத்துகினு போ.”

அவர் கோலை நீட்டிக் காட்டிய இடத்தில் ஈர மணலில் குளம்புத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, தண்ணீருக்குள் போய், எதிர்க்கரையில் அதே அகலத்தில் ஏறியிருந்தன. பத்தடி தள்ளி நான் இறங்க நினைத்த இடத்தில் அவர் கோலைக் குத்தினார். முழுக் கோலும் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து மாடு கடக்காத இடத்தில் நான் கடப்பதில்லை. மாட்டுத் தடம் இல்லையென்றால் பாலம் வரை நடப்பேன், எத்தனை கிலோமீட்டர் ஆனாலும்.

கரை பல இடங்களில் பட்டா நிலத்துக்குள் போகிறது. மல்பெரித் தோட்டம், மரவள்ளி, மஞ்சள், கரும்பு என்று வேலி போட்டிருப்பார்கள். குரல் கொடுத்து, “அண்ணா, வரப்போரமா போயிக்கலாமா” என்று கேட்டால் யாரும் மறுத்ததில்லை. பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைப் பக்கம் மட்டும் ஒதுங்கியே போங்கள். வெளியாள் காலில் வரும் நோய் புழுக்களைத் தாக்கும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். ஓசூரை நெருங்கும்போது தெலுங்கும் கன்னடமும் நாலு வார்த்தை தெரிந்தால் பேச்சு சீக்கிரம் ஒட்டும்.

சாத்தனூர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டுத் துண்டு மட்டும் எனக்கு இன்னும் பாக்கி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. சாலை வழியாகச் சுற்றிப் போய் அந்தத் துண்டை நடந்ததாகக் கணக்கு எழுத எனக்கு மனமில்லை. வரைபடத்தில் அது வெள்ளையாகவே இருக்கிறது, அனுமதி கிடைக்கும் வரை இருக்கட்டும். துண்டுகளாக நடப்பவர்களுக்கு இந்தப் பொறுமை சுலபம். அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில், முழுப் பாதையையும் நடந்தவர்களை அங்கீகரிக்கும் அமைப்பு எந்த வரிசையில், எந்தத் திசையில், எத்தனை வருடத்தில் என்று கேட்பதில்லை. பாதை முழுக்கக் கால் பட்டிருந்தால் போதும். நர்மதையை வலம் வருவதில் ஆற்றைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பதுபோன்ற கடுமையான நியமங்கள் உண்டு. அங்கேயும் முடிந்தபோது முடிந்த அளவு என்று பகுதி பகுதியாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்காரர் யாராவது தொடங்க நினைத்தால், பொங்கல் முடிந்த கையோடு அரூர் போய், ஊத்தங்கரை பஸ்ஸில் அனுமந்தீர்த்தத்தில் இறங்குங்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் தருமபுரிக் கரையில் மேற்கே நடங்கள். பதினொரு மணிக்கு எந்தத் தோப்பில் இருக்கிறீர்களோ அங்கே படுத்துவிடுங்கள், மூன்றரைக்கு மேல் எழுந்தால் போதும். மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஆழம் பார்க்க ஒரு கோல், களியோ கட்டுச்சோறோ எடுத்துக்கொள்ளுங்கள். கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருமத்தூர் போய்ச் சேர முடியவில்லையென்றால் பக்கத்து ஊருக்கு ஏறி பஸ்ஸைப் பிடியுங்கள். எந்த இடத்தில் விட்டீர்கள் என்று அந்த பஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் கரை மாறிப்போகும்.