சுண்ணாம்புக்கல்: தரமறிந்து பயன்படுத்த வேண்டிய செல்வம்

பெங்களூரு நகரம் மிகப் பழமையான கடினப் பாறையின் மீது அமைந்துள்ளது. லால்பாக் குன்றில் வெளிப்பட்டு நிற்கும் நைஸ் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது. 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதாவின் சுவர்களிலும் கருங்கல்லே காட்சி தருகிறது. எனினும் கருங்கல்லை மட்டும் கொண்டு நகரம் வளர்ந்துவிட முடியாது. ரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்திலாயினும், நகரின் புறப்பகுதியிலாயினும், எழும்பும் ஒவ்வொரு காங்கிரீட் கட்டடத்துக்கும் சிமெண்ட் வேண்டும். சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தொலைவிலுள்ள சுரங்கங்களிலிருந்து வரும் இக்கல்லின் இயல்பையும் தர வேறுபாட்டையும் அறிந்துகொள்வது மாணவர்க்கும் நிர்வாகத்தினர்க்கும் இன்றியமையாதது.

இயல்புகள்

சுண்ணாம்புக்கல்லின் முக்கியப் பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணக் கூடுகளும் கடலடியில் படிந்து இறுகியதால் உண்டான பாறைகள் பல. நீரில் கரைந்திருந்த சுண்ணம் நேராகப் படிந்து உண்டானவையும் உள. தூய கல் வெண்மையாக இருக்கும். களிமண், இரும்பு, கரிப்பொருள் ஆகியவற்றின் கலப்பால் சாம்பல், மஞ்சள், கருநீலம் முதலிய நிறங்களைப் பெறும். இதிலுள்ள கால்சைட் கனிமத்தின் கடினத்தன்மை மோ அளவில் 3 மட்டுமே. எஃகுக் கத்தியால் எளிதில் கீறலாம். நீர்த்த ஹைட்ரோ குளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் நுரைத்துப் பொங்கும். மெக்னீசியம் மிகுந்த டாலமைட் கல்லோ, பொடியாக்கினாலன்றி அவ்வளவாக நுரைப்பதில்லை. களத்தில் இவ்விரு கற்களையும் பிரித்தறிய இச்சோதனை உதவுகிறது.

வீட்டுத் தரையிலும் இவ்வியல்பை மறத்தலாகாது. ஷாபாத் கல் பதித்த தரையை அமிலம் கலந்த திரவத்தால் கழுவினால் மெருகு அழிந்து, கல் அரிக்கப்படும்.

சுடுதலும் நீற்றுதலும்

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காளவாயிலிட்டுச் சுட்டால் கரியமிலவாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். தூய கல் 100 கிலோவிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ வாயுவாக வெளியேறும். சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்தால் கடும் வெப்பத்துடன் நீற்றிய சுண்ணாம்பாகிறது. இது சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது.

தூய சுண்ணாம்பு நீருக்கடியில் இறுகாது. செங்கற்பொடியான சுர்க்கியைச் சேர்த்தால் அத்திறன் பெறுகிறது. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையும், 1911-இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையும் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையைக் கொண்டு எழுப்பப்பட்டவை. எனவே, பழைய சுண்ணச் சாந்துக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது மேலே சிமெண்ட் பூசுவது தவறான முறையாகும். கடினமான சிமெண்ட்ப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து, மென்மையான பழைய சாந்தை உதிரச் செய்யும்.

தரமும் பயனும்

ஒவ்வொரு பயனுக்கும் வெவ்வேறு தரம் தேவைப்படுகிறது. கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர நிர்ணயம் அதனை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. சுக்கான்கல்லிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புக்கும் அதில் தனி வகுப்பு உண்டு. சிமெண்டுக்கு ஓரளவு களிமண் கலந்த கல்லும் ஏற்றதே. ஆனால் மெக்னீசியம் மிகுந்தால், இறுகிய காங்கிரீட் பின்னர் விரிந்து வெடிக்கக்கூடும். உருக்கு உற்பத்திக்குச் சிலிக்கா குறைந்த கல் வேண்டும். 1923-இல் உற்பத்தி தொடங்கிய பத்ராவதி இரும்பாலையின் ஊதுலையிலும், தாதுவின் கழிவைக் கசடாகப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல்லே இளக்கியாகப் பயன்பட்டது. சோடா உப்பு, கண்ணாடி, காகிதம், சலவைத்தூள் ஆகிய தொழில்களுக்குத் தூய்மை மிகுந்த கல் தேவை. சர்க்கரை ஆலைகள் கரும்புச் சாற்றைத் தெளிவிக்கச் சுண்ணாம்பைப் பயன்படுத்துகின்றன. குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களில் அமில மண்ணைத் திருத்தவும் இது இடப்படுகிறது.

படிவுகள் உள்ள இடங்கள்

கர்நாடகத்தில் கலபுரகி மாவட்டத்துப் பீமா படுகையும், பாகல்கோட்டையை ஒட்டிய கலாதகி படுகையும் முக்கியமானவை. பீமா படுகையில் கல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் பலகைபோல் எளிதில் பிளக்கிறது. ஷாபாத் தரைக்கல்லின் புகழுக்கு இதுவே காரணம். அதே வட்டாரத்திலுள்ள வாடி சிமெண்டுக்குப் பெயர் பெற்ற ஊர்.

தமிழகத்தில் 1904-இல் சென்னையில் கடற்சிப்பியிலிருந்து சிமெண்ட் தயாரிக்கச் செய்த முயற்சி நிலைபெறவில்லை. பின்னர் 1934-இல் மதுக்கரையிலும், 1939-இல் டால்மியாபுரத்திலும், 1979-இல் அரியலூரிலும் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அரியலூர் வட்டாரப் படிவுகள் கிரிட்டேசியக் காலக் கடலில் உருவானவை. அங்குள்ள தொல்லுயிர்ப் படிமங்கள் உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தவை. சுரங்கம் தோண்டும்போது இச்சான்றுகளைக் காப்பதும் கடமையாகும்.

தாழ்தரக் கல்லும் பயன்படும்

ஒரு டன் கிளிங்கர் தயாரிக்கச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் செலவாகிறது. எரிபொருளின் புகையைக் கணக்கில் கொள்ளாமலே, கல்லிலிருந்து மட்டும் ஏறத்தாழ அரை டன் கரியமிலவாயு வெளியாகிறது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதே இதற்குத் தக்க பரிகாரம்.

இத்திசையில் இருவகை முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கப்பட்ட ‘அஸ்திரா’ அமைப்பு, சிறிதளவு சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்திய சுடாத மண் கட்டிகளை உருவாக்கிப் பரப்பியது. மணல் மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டும், களிமண் மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பும் பொருத்தமானவை. மற்றொரு முயற்சி, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்த சிமெண்ட் ஆகும். சென்னை, தில்லி ஐ.ஐ.டி.க்கள் பங்குகொண்ட ஆய்வின் பயனான இக்கலவையில் கிளிங்கர் ஏறக்குறைய பாதியளவே இருக்கும். 2023-இல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வெளியிடப்பட்டது. கிளிங்கருக்கு உதவாதென ஒதுக்கப்படும் தாழ்தரக் கல்லையும் இதில் தூளாக்கிச் சேர்க்கலாம் என்பது தனிச் சிறப்பு.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான இப்பாறை, எடுக்க எடுக்க மீண்டும் வளர்வதன்று. உயர்தரக் கல்லை ரசாயன, உருக்குத் தொழில்களுக்கு ஒதுக்குதல், தாழ்தரக் கல்லைக் கழிவுக் குவியலில் சேர்க்காது பயன்படுத்துதல், தோண்டி முடித்த குழிகளை நீர்நிலைகளாகவோ தோப்புகளாகவோ சீரமைத்தல் ஆகிய மூன்றும் சுரங்க அனுமதி வழங்கும் கட்டத்திலேயே திட்டமிடப்பட வேண்டும். கல்லின் தரத்தை ஆய்ந்து உரிய பயனுக்கு அளித்தால், இருக்கும் படிவுகள் வருங்காலத் தலைமுறைக்கும் உதவும்.