வேலை மாறுவோர் அறிய வேண்டிய போட்டித் தடை விதிகள்

பணியில் சேரும் நாளில் கையொப்பமிடும் ஒப்பந்தத்தைப் பலர் முழுமையாக வாசிப்பதில்லை. வேறொரு நிறுவனத்தில் சேர முயலும்போதே, விலகிய பின் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டி நிறுவனத்தில் பணியாற்றக் கூடாது என்னும் நிபந்தனை அவர்கள் கண்ணிற் படுகிறது. அச்சத்தினால் நல்ல வேலையைக் கைவிடுவோரும் உளர். ஆயினும், கையொப்பம் இட்டதனால் மட்டும் அந்நிபந்தனை செல்லுபடியாவதில்லை. ஒன்ராறியோவில் அதன் வலிமை, நிபந்தனையின் வகையையும் ஒப்பந்தம் செய்யப்பட்ட நாளையும் பொறுத்தது.

மூவகை நிபந்தனைகள்

போட்டி நிறுவனத்தில் சேர்வதையோ சொந்தமாகப் போட்டித் தொழில் தொடங்குவதையோ தடுப்பது போட்டித் தடை ஆகும். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையும் ஊழியர்களையும் தம்பக்கம் அழைப்பதைத் தடுப்பது அழைப்புத் தடை. விலை விபரம், வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்பது இரகசியக் காப்பு.

2021 ஒக்டோபர் 25இன் பின்

மாகாணத்தின் தொழில் தராதரச் சட்டத்தின்படி, இந்நாளிலோ இதன் பின்னரோ பணியாளருடன் செய்யப்பட்ட போட்டித் தடை செல்லாது. தலைமை நிறைவேற்று அதிகாரி, தலைமை நிதி அதிகாரி போன்ற உயர் பதவியினர் இதற்கு விதிவிலக்காவர். தமது வணிகத்தை விற்று, வாங்கியவரிடமே உடனடியாகப் பணியாளராகச் சேர்ந்தவரும் அவ்வாறே. வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்ட துறைகளுக்கு இம்மாகாணச் சட்டம் பொருந்தாது. அழைப்புத் தடையையும் இரகசியக் காப்பையும் இச்சட்டம் நீக்கவில்லை என்பதும் கவனத்திற்குரியது.

அதற்கு முந்திய ஒப்பந்தங்கள்

இவற்றை நீதிமன்றம் பொதுச் சட்ட நெறிப்படி ஆராயும். தனது நியாயமான நலனைக் காக்கத் தடை தேவை என்பதையும், அதன் காலம், இடப்பரப்பு, தொழில் வரையறை ஆகியன தெளிவும் நியாயமும் உடையன என்பதையும் தொழில்வழங்குநரே நிறுவ வேண்டும்.

1978ஆம் ஆண்டில், நயாகரா வீழ்ச்சிப் பகுதியைச் சேர்ந்த காப்புறுதி முகாமையாளர் ஒருவர் மீதான ஐந்தாண்டுத் தடையைக் கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்றது. வாடிக்கையாளர்கள் அவரையே நிறுவனமாகக் கருதியமையே அதற்குக் காரணமாயிற்று. மாறாக, 2000ஆம் ஆண்டில், வின்சர் நகரின் பல் அறுவை மருத்துவர் மீதான மூன்றாண்டு, ஐந்து மைல் தடையை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அழைப்புத் தடையே போதுமானதாய் இருந்திருக்கும் என்பது அதன் முடிவு. 2009ஆம் ஆண்டில், வன்கூவர் தொடர்பான வழக்கொன்றில், தடையின் எல்லையைக் குறித்த சொற்றொடர் தெளிவற்றது எனக் கண்ட உச்ச நீதிமன்றம், அதனைத் திருத்தி எழுதித் தொழில்வழங்குநருக்கு உதவவும் மறுத்தது.

வழக்கறிஞர் கடிதம் வந்தால்

முன்னாள் தொழில்வழங்குநர் முதலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதே வழக்கம். அடுத்து, புதிய வேலையை நிறுத்தும் இடைக்காலத் தடையுத்தரவையும் நட்டஈட்டையும் நீதிமன்றத்திற் கோரக்கூடும். இத்தகைய விண்ணப்பங்கள் விரைவாக விசாரிக்கப்படுவதால், கடிதத்தைப் பொருட்படுத்தாது விடுவது ஆபத்தானது. ஒப்பந்தத்தின் பிரதியுடன் உடனே சட்ட ஆலோசனை பெறுதல் வேண்டும்.

விலகுவோர் பழைய நிறுவனத்தின் கோப்புகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தமது தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ எடுத்துச் செல்லலாகாது. போட்டித் தடை செல்லாத நிலையிலும் இச்செயல் வழக்குக்கு இடமளிக்கும். கற்ற தொழிலும் பெற்ற அனுபவமும் மட்டுமே பணியாளருக்கு உரியவை.

உதவி பெறும் வழிகள்

சட்டத்துக்கு மாறான போட்டித் தடையில் கையொப்பமிடுமாறு கோரப்பட்டவர், மாகாணத் தொழில் அமைச்சிடம் கட்டணமின்றி முறைப்பாடு செய்யலாம். உரிமை கோரியமைக்காகப் பணியாளரைத் தண்டிப்பதையும் சட்டம் தடைசெய்கிறது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் வழக்கறிஞர் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை பெறலாம். குறைந்த வருமானமுடையோர் தமது பகுதியின் சமூகச் சட்ட நிலையத்தை அணுகலாம். அருகிலுள்ள சேவைகளை அறிய 211 என்னும் இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.